தோட்டா மீள்நிரப்புக் கருவிகள்

தோட்டா மீள்நிரப்பல் என்பது, சுடப்பட்ட தோட்டாவின் உலோகக் கூட்டைத் தூய்மை செய்து, உரிய அளவுக்குக் கொண்டுவந்து, அதில் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் சுடத்தக்க தோட்டாவாக ஆக்கும் செயல்முறை ஆகும். தொழிற்சாலையில் அன்றித் தனியொருவர் தம் வீட்டுப் பட்டறையில் கைக்கருவிகளைக் கொண்டு செய்வதால் இது கைநிரப்பல் எனவும் அழைக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரிடையேயும் வேட்டையாடுவோரிடையேயும் இது 19 ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் உள்ளது.

இதற்கெனப் பயன்படும் அழுத்துபொறி, அச்சு, தராசு, அளவி முதலியன மீள்நிரப்புக் கருவிகள் எனப்படுகின்றன. மருந்தின் அளவில் ஏற்படும் பிழை துப்பாக்கியைச் சிதறச் செய்து, சுடுபவரின் விரல்களையோ கண்ணையோ பறிக்கக்கூடும். ஆதலால் புதிதாகத் தொடங்குபவருக்கான கருவிகளைத் தெரிவு செய்யும்போது, ஒரு மணிநேரத்தில் எத்தனை தோட்டாக்கள் செய்யலாம் என்பதைக் காட்டிலும், ஒவ்வொரு படியையும் கண்ணால் கண்டு சரிபார்க்க இயலுமா என்பதே முதன்மையான அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

தோட்டாவின் பகுதிகள்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு ஆகிய இரண்டு சொற்களும் ஒரே பொருளில் வழங்குவதுண்டு. இக்கட்டுரையில் தோட்டா என்பது முழுமையான பொதியையும், குண்டு என்பது அதிலிருந்து பறந்து செல்லும் பகுதியை மட்டும் குறிக்கின்றன. உலோகத் தோட்டா ஒன்று நான்கு பகுதிகளைக் கொண்டது.

• கூடு: மற்ற மூன்று பகுதிகளையும் தாங்கும் உறை. பெரும்பாலும் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது.
• பிரைமர்: கூட்டின் அடியில் உள்ள குழியில் பொருந்தும் சிறு கிண்ணம். துப்பாக்கியின் ஊசி இதனை அடிக்கும்போது, உள்ளே இருக்கும் வேதிக் கலவை தீப்பற்றி மருந்தை எரியூட்டுகின்றது.
• வெடிமருந்து: மிக விரைவாக எரிந்து உயர் அழுத்த வளிமத்தை உண்டாக்கும் புகையற்ற மருந்து.
• குண்டு: வளிமத்தால் உந்தப்பட்டுக் குழலின் வழியே வெளியேறும் பகுதி. இலங்கை வழக்கில் இது சன்னம் எனப்படும்.

இவற்றுள் பிரைமர், மருந்து, குண்டு ஆகிய மூன்றும் ஒரு முறை சுட்டவுடன் தீர்ந்துபோகின்றன. கூடு மட்டும் எஞ்சுகின்றது. சுடும் கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வளிமம் பின்புறமாகக் கசியாமல் தடுக்கின்றது. அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கி, வெளியே எடுக்க இடம் கொடுக்கின்றது. விரிந்து சுருங்கும் இந்த இயல்பே பித்தளைக் கூட்டைப் பலமுறை பயன்படுத்த வழி செய்கின்றது. எஃகு, அலுமினியம் ஆகியவற்றாலான கூடுகள் பொதுவாக மீள்நிரப்பப்படுவதில்லை.

பிரைமர்களில் இரண்டு வகைகள் உள்ளன. பிரித்தானியாவின் வூல்விச் ஆயுதச் சாலையைச் சேர்ந்த எட்வர்ட் பாக்சர் என்பவரும், அமெரிக்கரான ஹைரம் பெர்டன் என்பவரும் 1866 ஆம் ஆண்டில் தனித்தனியே இவற்றுக்குக் காப்புரிமை பெற்றனர். பாக்சர் வகையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால், ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரை எளிதாக வெளியே தள்ளிவிடலாம். பெர்டன் வகையில் பொதுவாக இரண்டு சிறு துளைகள் நடுவிலிருந்து விலகி அமைந்துள்ளதால் இது இயலாது. வீட்டில் மீள்நிரப்பும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு அங்குப் பாக்சர் வகையே நிலைபெற்றது ஒரு காரணமாகும். பிரித்தானியர் கண்ட முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலும் பரவியது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

உலோகத் தோட்டாக்கள் பரவத் தொடங்கிய 1870களில், அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் கடைகளிலிருந்து தொலைவில் பல மாதங்கள் தங்க வேண்டியிருந்தது. எனவே அவர்கள் ஈயம், கருமருந்து, பிரைமர் ஆகியவற்றோடு சிறு நிரப்புக் கருவிகளையும் உடன் கொண்டு சென்றனர். 1884 ஆம் ஆண்டில் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய ஐடியல் நிறுவனம், பாக்குவெட்டியைப் போன்ற இடுக்கி வடிவக் கருவிகளை விற்பனை செய்தது. லைமன் நிறுவனம் 1925 ஆம் ஆண்டில் இதனை வாங்கிக்கொண்டது.

1884 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த பால் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கியது இத்துறையில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. கருமருந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையது. கூடு நிறைய இட்டாலே போதிய ஆற்றல் கிடைக்கும். புகையற்ற மருந்தோ சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றலைத் தரும். கண்ணளவால் மருந்திடும் பழக்கம் இதனால் உயிருக்கு ஆபத்தானதாக மாறி, நுண்ணிய தராசு இன்றியமையாததாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது கடைகளில் தோட்டாவும் குண்டும் கிடைப்பது அரிதாயிற்று. 1943 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் பிரெட் ஹன்டிங்டன் என்பவர், சுட்டு எறியப்பட்ட .22 தோட்டாக் கூடுகளிலிருந்து குண்டு உறைகளைச் செய்யும் அச்சுகளை உருவாக்கினார். இதிலிருந்தே ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் வளர்ந்தது. போருக்குப் பின் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அரசிடம் எஞ்சியிருந்த மருந்தை வாங்கிப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். 1949 ஆம் ஆண்டில் நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி குண்டு தயாரிப்பைத் தொடங்கினார். 1958 ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்சர்ட் லீ தொடங்கிய லீ பிரிசிஷன் நிறுவனம், சுத்தியலால் தட்டியே நிரப்பத்தக்க மலிவான தொகுதி ஒன்றை அறிமுகப்படுத்திப் புதியவர்கள் பலரை இத்துறைக்குக் கொண்டுவந்தது. 1980களில் டிலன் பிரிசிஷன் நிறுவனத்தின் தொடர்நிலை அழுத்துபொறிகள் போட்டிச் சுடுநர்களிடையே பரவின.

செயல்முறை

கருவிகளின் பயனை அறிய மீள்நிரப்பலின் படிகளை அறிந்திருத்தல் வேண்டும். அவை வருமாறு:

1. கூட்டைத் தூய்மை செய்து, வெடிப்போ கீறலோ உள்ளதா என்று பார்த்தல்
2. பழைய பிரைமரை நீக்கி, விரிந்த கூட்டை உரிய விட்டத்திற்குச் சுருக்குதல்
3. கூட்டின் நீளத்தை அளந்து, மிகுந்திருப்பின் வெட்டுதல்
4. நேர்ச்சுவர்க் கூடாயின், குண்டு நுழைவதற்கு வாயைச் சற்று விரித்தல்
5. புதிய பிரைமரைப் பொருத்துதல்
6. அளந்த மருந்தை இடுதல்
7. குண்டை உரிய ஆழத்தில் பதித்து, தேவையெனில் வாயை இறுக்குதல்
8. முழுமையான தோட்டாவை அளந்து, பெயர்ச்சீட்டு எழுதிப் பெட்டியில் இடுதல்

இவற்றுள் ஆறாவது படியில் நேரும் தவறே மிகவும் ஆபத்தானது. மற்றப் பெரும்பாலான பிழைகள் தோட்டா அறைக்குள் நுழையாமலோ வெடிக்காமலோ போவதால் வெளிப்பட்டுவிடும். மருந்தின் அளவோ, குண்டு பதிக்கப்பட்ட பின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அழுத்துபொறி

கூட்டைச் சுருக்கவும் குண்டைப் பதிக்கவும் வேண்டிய விசையைக் கைப்பிடி ஒன்றின் நெம்புகோல் இயக்கத்தால் தரும் பொறி இதுவாகும். இது மூன்று வகைப்படும்.

ஒற்றைநிலை அழுத்துபொறி: இதில் ஒரே ஓர் அச்சு மட்டும் பொருந்தும். 50 கூடுகள் இருந்தால், ஐம்பதையும் முதலில் சுருக்கி முடித்து, பின்னர் அச்சை மாற்றி, அடுத்த படியை ஐம்பதுக்கும் செய்ய வேண்டும். மணிக்குச் சுமார் 50 தோட்டாக்கள் செய்யலாம். வேகம் குறைவு எனினும், ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு படியிலும் கையால் எடுத்து வைக்கப்படுவதால் குறைகள் எளிதில் புலப்படுகின்றன.

சுழல்தலை அழுத்துபொறி: இதன் மேற்பகுதி சுழலத்தக்கது. அதில் நான்கோ அதற்கு மேற்பட்டோ அச்சுகள் ஒருங்கே பொருத்தப்பட்டிருக்கும். தலையைச் சுழற்றி ஒரே கூட்டை எல்லாப் படிகளின் வழியாகவும் கொண்டு செல்லலாம். மணிக்கு 100 முதல் 200 தோட்டாக்கள் வரை செய்ய இயலும். தலை சுழலாதவாறு நிறுத்தி, ஒற்றைநிலைப் பொறியைப் போலவும் பயன்படுத்தலாம்.

தொடர்நிலை அழுத்துபொறி: இதில் பல கூடுகள் ஒரு வட்டத் தட்டில் அமர்ந்து, கைப்பிடியின் ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகரும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளிவரும். மணிக்கு 400க்கு மேற்பட்ட தோட்டாக்கள் செய்யலாம். ஆனால் ஒரே கணத்தில் நான்கு அல்லது ஐந்து வேலைகள் நடைபெறுவதால், இயக்குபவர் அவை அனைத்தையும் ஒருங்கே கவனிக்க வேண்டும். இடையில் ஏதேனும் சிக்கிக்கொண்டு, அதனைச் சரிசெய்து மீண்டும் தொடங்கும்போது, ஒரே கூட்டில் இரு முறை மருந்து விழுவதற்கு வாய்ப்புள்ளது.

மாதத்திற்குச் சில நூறு தோட்டாக்களுக்கு மேல் சுடாத ஒருவருக்கு ஒற்றைநிலைப் பொறியோ சுழல்தலைப் பொறியோ போதுமானது. பிற்காலத்தில் தொடர்நிலைப் பொறி வாங்கினாலும், பழைய ஒற்றைநிலைப் பொறி வீணாவதில்லை. சிறு எண்ணிக்கையில் ரைபிள் தோட்டா செய்யவும் புதிய அளவுகளைச் சோதிக்கவும் அது தொடர்ந்து பயன்படும்.

வாங்கும்போது சட்டகத்தின் வடிவமும் பார்க்கப்படுகின்றது. முன்புறம் திறந்த வளைவுச் சட்டகத்தைவிட, நாற்புறமும் மூடிய வளையச் சட்டகம் விசையின்போது குறைவாகவே வளையும். வார்ப்பிரும்பால் ஆனவை அலுமினியத்தால் ஆனவற்றைவிடப் பாரமானவை, உறுதியானவை. எந்தப் பொறியாயினும், அசையாத பாரமான மேசையில் மரையாணிகளால் இறுக்கப்பட வேண்டும்.

சிதறுகுண்டுத் துப்பாக்கியின் தோட்டாக்களுக்கு மேற்கூறிய பொறிகள் பொருந்துவதில்லை. அவற்றுக்கெனத் தனிப் பொறிகள் உள்ளன.

அச்சுகளும் கூடு பிடிப்பானும்

அச்சு என்பது அழுத்துபொறியின் மேற்பகுதியில் திருகப்படும் எஃகு உருளையாகும். கூடு இதனுள் கீழிருந்து மேலாகத் தள்ளப்படும்போது உரிய வடிவத்தைப் பெறுகின்றது. பெரும்பாலான அச்சுகளின் வெளி மரை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 14 புரிகளும் கொண்டது. இது பொதுத் தரமாக ஏற்கப்பட்டுள்ளதால், ஒரு நிறுவனத்தின் அச்சை வேறு நிறுவனத்தின் பொறியில் பொருத்தலாம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கழுத்து குறுகிய ரைபிள் கூடுகளுக்கு இரண்டு அச்சுகள் போதும்: சுருக்கும் அச்சு, குண்டு பதிக்கும் அச்சு. ரிவால்வர் முதலியவற்றின் நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு வாயை விரிக்கும் அச்சு ஒன்று கூடுதலாகத் தேவைப்படும். எஃகு அச்சில் கூட்டைச் சுருக்கும் முன் அதன் மேல் உயவுப்பொருள் தடவ வேண்டும். தடவ மறந்தால் கூடு அச்சினுள் இறுகச் சிக்கிக்கொள்ளும். நேர்ச்சுவர்க் கூடுகளுக்கான தங்சுதன் கார்பைடு வளையம் பதித்த அச்சுகளில் இந்த உயவு தேவையில்லை. விலை சற்றுக் கூடுதல் எனினும், தொடக்கநிலையினருக்கு இவை நேரத்தை மிச்சப்படுத்துகின்றன.

கூடு பிடிப்பான் என்பது கூட்டின் அடிவிளிம்பைப் பற்றிக்கொள்ளும் சிறு எஃகு வில்லையாகும். இது தோட்டாவின் வகைக்கேற்ப மாறும். இதற்கான எண் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறுபடுவதால், வாங்கும் முன் அந்நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்தல் வேண்டும்.

அளவிடும் கருவிகள்

தராசு

மீள்நிரப்பலில் மருந்து கிரெயின் என்னும் அலகால் நிறுக்கப்படுகின்றது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்கள். ஒரு கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராமுக்குச் சமம். மீள்நிரப்புத் தராசு 0.1 கிரெயின், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம் வேறுபாட்டைக் காட்ட வல்லதாக இருத்தல் வேண்டும்.

இவ்வளவு நுட்பம் தேவைப்படுவதன் காரணத்தை ஒரு கணக்கின் மூலம் அறியலாம். 45 கிரெயின் மருந்து கொள்ளும் ரைபிள் கூட்டில் 0.5 கிரெயின் கூடிவிட்டால், பிழை சுமார் 1 விழுக்காடு. 4 கிரெயின் மட்டுமே கொள்ளும் கைத்துப்பாக்கிக் கூட்டில் அதே 0.5 கிரெயின் கூடினால், பிழை 12 விழுக்காட்டுக்கு மேல். மருந்து கூடும் விகிதத்தைவிட அழுத்தம் விரைவாக உயரக்கூடும் என்பதால், சிறிய தோட்டாக்களே தராசின் துல்லியத்தைப் பெரிதும் நம்பியுள்ளன.

தராசுகள் இரு வகைப்படும். கோல் தராசு புவியீர்ப்பால் இயங்குவது. மின்சாரமோ மின்கலமோ வேண்டாதது. காந்தத்தால் இதன் ஆட்டம் விரைவில் அடங்குமாறு செய்யப்பட்டிருக்கும். மின்னணுத் தராசு விரைவாக விடை காட்டும். ஆனால் அறை வெப்பநிலை மாற்றம், காற்றோட்டம், அருகிலுள்ள மின்கருவிகளின் குறுக்கீடு ஆகியவற்றால் அதன் சுழியம் நகரக்கூடும். எந்த வகையாயினும், எடை முன்பே தெரிந்த சோதனைப் படிக்கற்களை வைத்து ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டும். மின்விசிறியின் கீழ் நிறுப்பது தவிர்க்கப்பட வேண்டியது.

மருந்து அளவி

ஒவ்வொரு கூட்டுக்கும் தனியே நிறுப்பது காலம் எடுக்கும். எனவே ஒரு குழியின் கொள்ளளவால் மருந்தை அளந்து கொட்டும் அளவி பயன்படுத்தப்படுகின்றது. இது எடையை அளப்பதன்று. கன அளவை மட்டுமே அளப்பது. மருந்து மணிகளின் வடிவத்தைப் பொறுத்து ஒவ்வொரு கொட்டலும் சற்று மாறுபடும். எனவே அளவியைத் தராசினால் ஒழுங்குபடுத்தி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு முறை மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அளவி இருந்தாலும் தராசு தேவை. தராசு இருந்தால் அளவி இன்றியும் தொடங்கலாம்.

வெர்னியர் அளவி

கூட்டின் நீளத்தையும் முழுத் தோட்டாவின் நீளத்தையும் 0.001 அங்குல (0.0254 மில்லிமீட்டர்) அளவில் காட்டும் அளவி தேவைப்படும். எடுத்துக்காட்டாக, .223 ரெமிங்டன் கூட்டின் பெரும நீளம் 1.760 அங்குலம். பல முறை சுட்டு நீண்ட கூடு இவ்வளவைத் தாண்டினால், அதன் வாய் அறையின் முன்விளிம்பில் முட்டிக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் அழுத்தம் உயரும். குண்டு உரிய அளவைவிட ஆழமாகப் பதிந்தாலும், உள்ளிடம் குறைவதால், குறிப்பாகச் சிறு கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அழுத்தம் உயர்கின்றது.

துணைக் கருவிகள்

• அடுக்குத் தட்டு: 50 குழிகள் கொண்ட மர அல்லது நெகிழித் தட்டு. மருந்திட்ட கூடுகளை வரிசையாக நிறுத்தி, கைவிளக்கின் ஒளியில் எல்லாக் கூடுகளிலும் மருந்து ஒரே மட்டத்தில் உள்ளதா என்று பார்ப்பதற்கு உதவும்.
• புனல்: மருந்தைச் சிந்தாமல் கூட்டினுள் இடுவதற்கு.
• பிரைமர் பொருத்தும் கருவி: கையால் அழுத்தும் வகையில், பிரைமர் குழியின் அடியைத் தொடுவதை விரல்களால் உணர முடியும். பிரைமரின் மேற்பரப்பு கூட்டின் அடிமட்டத்திலிருந்து சற்றே உள்ளடங்கி இருத்தல் வேண்டும்.
• நீளம் வெட்டியும் பிசிறு நீக்கியும்: ரைபிள் கூடுகளுக்குக் கட்டாயம். தாழ் அழுத்த ரிவால்வர் கூடுகளுக்கு அரிதாகவே தேவைப்படும்.
• குண்டு கழற்றி: சுத்தியல் வடிவுடையது. தோட்டாவை இதனுள் பொருத்தித் தரையில் தட்டினால், குண்டும் மருந்தும் தனியே கழன்று வரும். ஐயமுள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்க்காமல் பிரித்துப் பார்க்க இது வழி செய்கின்றது.
• உருட்டுக் கலன்: கூடுகளைப் பளபளப்பாக்குவது. தொடக்கத்தில் வாங்காமல், சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்தியும் வேலை செய்யலாம்.
• பாதுகாப்புக் கண்ணாடி: பிரைமர்களைக் கையாளும்போதெல்லாம் அணிய வேண்டியது.

மீள்நிரப்புக் கையேடு

கருவிகளுள் முதலில் வாங்க வேண்டியது அச்சிடப்பட்ட கையேடே எனக் கூறுவர். லைமன், ஹார்னடி, ஸ்பியர், லீ முதலிய நிறுவனங்கள் இவற்றை வெளியிடுகின்றன. ஒவ்வொரு தோட்டாவுக்கும், ஒவ்வொரு குண்டின் எடைக்கும், எந்த மருந்து, எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கூடியது என்பவை ஆய்வகத்தில் அழுத்தத்தை அளந்து பட்டியலிடப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 1926 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சாமி என்னும் தோட்டா உற்பத்தியாளர் கழகம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பெரும அழுத்தத்தை வரையறுத்துள்ளது. சான்றாக, .38 ஸ்பெஷலுக்கு இது சதுர அங்குலத்திற்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டு; .308 வின்செஸ்டருக்கு 62,000 பவுண்டு.

எப்போதும் பட்டியலின் குறைந்த அளவிலிருந்தே தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். குறைந்த அளவுக்கும் கீழே இறங்குவதும் பாதுகாப்பன்று. மெதுவாக எரியும் சில மருந்துகள் மிகக் குறைவாக இடப்படும்போது எதிர்பாராத வகையில் எரிவதுண்டு. மேலும், ஒரே எண் கொண்ட மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. ஐ.எம்.ஆர். 4350, எச் 4350 ஆகிய இரண்டும் வெவ்வேறு மருந்துகள். ஒன்றன் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. பிறர் வாய்மொழியாகச் சொன்ன அளவுகளைக் கையேட்டில் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்பது விபத்துகளுக்கு வழிவகுக்கும்.

தொடங்குவதற்கு ஏற்ற தோட்டா

எந்தத் தோட்டாவை நிரப்பக் கற்பது என்பதைப் பொறுத்தே கருவிகளின் பட்டியலும் விலையும் அமைகின்றன. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் ஆகிய ரிவால்வர் தோட்டாக்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை நேர்ச்சுவர் கொண்டவை. கார்பைடு அச்சில் உயவின்றிச் சுருங்குபவை. ரிவால்வரிலிருந்து கூடுகள் சிதறாமல் கைக்குக் கிடைப்பவை. .357இன் கூடு .38இன் கூட்டைவிட ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் நீளமானது என்பதைத் தவிர இரண்டும் ஒரே விட்டமுடையவை. ஆதலால் ஒரே அச்சுத் தொகுதி இரண்டுக்கும் பயன்படும்.

எனினும் .38 ஸ்பெஷலில் மறைந்துள்ள இடர் ஒன்று உண்டு. கருமருந்து வழக்கிலிருந்த 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானதால், இதன் கூடு பெரியது. விரைவாக எரியும் இன்றைய மருந்து அதில் ஒரு சிறு பகுதியையே நிரப்பும். அதனால் இரு மடங்கு மருந்து தவறி விழுந்தாலும், ஏன் மும்மடங்கே விழுந்தாலும், அது வழியாமல் கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். இதனைத் தவிர்க்க, கையேட்டிலுள்ள மருந்துகளுள் கூட்டின் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தைத் தெரிவு செய்வது வழக்கம். அப்போது இரு முறை மருந்திட்டால் அது வெளியே வழிந்து பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இடர்கள்

இரட்டை மருந்து: மேலே கூறியவாறு ஒரே கூட்டில் இரு முறை மருந்து விழுதல். பெரும அழுத்தத்தைப் பல மடங்கு தாண்டித் துப்பாக்கியைச் சிதறச் செய்யும்.

மருந்தற்ற தோட்டா: மருந்திட மறந்த கூட்டில் பிரைமரின் விசை மட்டும் குண்டைச் சிறிது தொலைவு தள்ளி, குழலின் நடுவே நிறுத்திவிடும். வழக்கத்துக்கு மாறான மெல்லிய ஒலி மட்டுமே கேட்கும். அதனைப் பொருட்படுத்தாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், அடைபட்ட குழல் வீங்கும் அல்லது வெடிக்கும்.

மருந்து மாறுதல்: மேசையின் மேல் இரண்டு மருந்துக் குப்பிகள் இருக்கும்போது நேர்வது. வேலை நடக்கும்போது ஒரே குப்பிதான் மேசையில் இருக்க வேண்டும் என்பதும், வேலை முடிந்ததும் அளவியில் எஞ்சிய மருந்தை உடனே உரிய குப்பியில் திருப்பி இட வேண்டும் என்பதும் விதிகள். பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தை நிறத்தாலோ வடிவத்தாலோ இன்னதென்று முடிவு செய்யலாகாது.

இம்மூன்றில் முதல் இரண்டையும் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒற்றைநிலைப் பொறியும், அடுக்குத் தட்டும், கைவிளக்கும் போதும். குண்டைப் பதிக்கும் முன் ஐம்பது கூடுகளையும் ஒருங்கே குனிந்து பார்க்கும் அந்தச் சில நொடிகளே இத்தொழிலின் முதன்மையான காப்பு ஆகும்.

சேமிப்பும் உடல்நலமும்

புகையற்ற மருந்து திறந்த வெளியில் வெடிக்காமல் வேகமாக எரியும். இறுக மூடிய உலோகப் பெட்டியில் அழுத்தம் பெருகி வெடிக்கும். ஆகவே அது விற்கப்பட்ட குப்பியிலேயே, வெப்பமும் நெருப்பும் அணுகாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதித் தொகுப்பு, வீடுகளில் தனிப் பயன்பாட்டிற்கு 20 பவுண்டு வரை மருந்தை அதன் குப்பிகளிலேயே வைக்கவும், அதற்கு மேல் 50 பவுண்டு வரை குறைந்தது ஓர் அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டியில் வைக்கவும் இடமளிக்கின்றது. பிரைமர்களுக்கான வரம்பு 10,000. பிரைமர்களைப் புட்டியில் கொட்டி வைக்கலாகாது. ஒன்று வெடித்தால் அனைத்தும் வெடிக்கும்.

பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உள்ளது. சுடப்பட்ட கூடுகளின் புகைக்கரியிலும், உலர் உருட்டுக் கலனிலிருந்து எழும் தூசியிலும் ஈயம் கலந்திருக்கும். வேலையின்போது உண்ணுதல், புகைத்தல் ஆகியவற்றைத் தவிர்த்து, முடிந்ததும் கைகளைக் கழுவ வேண்டும். உருட்டுக் கலனை வீட்டுக்கு வெளியே வைப்பது நன்று.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டிற்கு மீள்நிரப்ப நடுவண் அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்காகச் செய்ய உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநிலங்களிலும் நகரங்களிலும் கூடுதல் விதிகள் இருக்கலாம். செருமனியில் வெடிபொருள் சட்டத்தின் 27 ஆம் பிரிவின்படி பயிற்சி பெற்று இசைவு பெற வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் 2006 ஆம் ஆண்டின் வன்குற்றக் குறைப்புச் சட்டத்தின் வழியே, பிரைமர் வாங்குவோர் துப்பாக்கிச் சான்றிதழைக் காட்டுதல் போன்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கின்றது.

கருவித் தெரிவின் வரிசை

வரம்புக்குட்பட்ட பணத்தைக் கொண்டு தொடங்குபவர் பின்பற்றத்தக்க வரிசை பொதுவாகப் பின்வருமாறு அமைகின்றது: முதலில் கையேடு. அதனை முழுதும் படித்த பின் தராசும் சோதனைப் படிக்கற்களும். அடுத்து வெர்னியர் அளவி, உறுதியான ஒற்றைநிலைப் பொறி, ஒரு தோட்டாவுக்குரிய அச்சுத் தொகுதியும் கூடு பிடிப்பானும், பிரைமர் கருவி, அடுக்குத் தட்டு, புனல், குண்டு கழற்றி, கண்ணாடி. ரைபிள் தோட்டாவாயின் நீளம் வெட்டியும் உயவுப்பொருளும் சேரும். மருந்து அளவியும் உருட்டுக் கலனும் பின்னர் வாங்கத்தக்கவை. நிறுவனங்கள் இவற்றுள் பலவற்றை ஒரே பெட்டியில் தொடக்கத் தொகுதியாக விற்கின்றன. அச்சும் கூடு பிடிப்பானும் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

பழைய பொறிகளை வாங்குவதில் பெரிய இடர் இல்லை. வார்ப்பிரும்புப் பொறி பல பத்தாண்டுகள் உழைக்கும். பழைய மருந்தையும், பிறர் நிரப்பிய தோட்டாக்களையும் வாங்குவது அவ்வாறன்று. அவற்றின் உள்ளே என்ன இருக்கின்றது என்பதற்கு உறுதி இல்லை.

மீள்நிரப்பலால் செலவு எப்போதும் குறையும் என்று கூற இயலாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் தோட்டாக்களில் மிச்சம் சிறிதே. அரிய வகைத் தோட்டாக்களிலும், துல்லியம் வேண்டும் ரைபிள் தோட்டாக்களிலும் பயன் மிகுதி. கருவிகள் இருந்தாலும் உட்பொருள்கள் கிடைக்காத காலங்களும் உண்டு. 2020 முதல் 2022 வரை அமெரிக்காவில் பிரைமர்களுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. எனவே கருவிகளை வாங்கும் முன், வேண்டிய மருந்தும் பிரைமரும் தம் பகுதியில் கிடைக்கின்றனவா என்று அறிந்துகொள்வது பயனுடையது.

இவற்றையும் பார்க்க

• தோட்டா
• புகையற்ற வெடிமருந்து
• கருமருந்து
• வெர்னியர் அளவி
• துப்பாக்கி சுடுதல் (விளையாட்டு)